டிராப் ஹேண்டில்பாருக்குக் கூடுதல் பிரேக் லீவர்: வாசகர் கேள்வி – பதில்

டிராப் ஹேண்டில்பார் (இரு முனைகளும் முன்னோக்கி வளைந்து கீழிறங்கும் கைப்பிடி) பொருத்திய சைக்கிளில் அன்றாடம் வேலைக்குச் சென்று வருவோர் எழுதிய கடிதங்கள் பலவும் ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கித் தந்துள்ளோம்.

கேள்வி: நெரிசலான சாலையில் ஹேண்டில்பாரின் மேற்பகுதியில், ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரை நடுவில் பிடித்திருக்கும் தண்டுக்கு) இருபுறமும் கைகளை வைத்து நிமிர்ந்து ஓட்டுவதே எனக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் கையை லீவருக்குக் கொண்டுபோவதற்குள் தாமதமாகிவிடுகிறது. மேற்பகுதியிலேயே பொருத்தும் கூடுதல் லீவர்களை நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறத்தாழ 5.6 மீட்டர் கடக்கிறது. மேற்பகுதியிலிருந்து கையை எடுத்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹூட்டை (பிரேக் லீவரின் ரப்பர் போர்த்திய உடற்பகுதியை) பிடித்து, லீவரில் விரல்களைப் பதிக்க அரை விநாடிதான் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், பிரேக் கட்டை ரிம்மைத் தொடுவதற்கு முன்பே சைக்கிள் 2.8 மீட்டர் முன்னேறியிருக்கும். கூடுதல் லீவர் மிச்சப்படுத்துவது இந்தத் தூரத்தைத்தான். பிரேக் கட்டையும் ரிம்மும் கேபிளும் முன்பிருந்தவையே என்பதால், தேய்ந்த கட்டையும் துருவேறிய கேபிளும் உள்ள சைக்கிளில் இதைப் பொருத்தினால் மோசமான பிரேக்கை இரண்டு இடங்களிலிருந்து இயக்கலாம் என்பதைத் தவிர வேறு பயன் கிடைக்காது.

இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இன்டரப்டர் லீவர் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. கிராஸ்டாப் லீவர், இன்லைன் லீவர் என்ற பெயர்களிலும் விற்கப்படுகின்றன. இவை இயங்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை எளிதாகிவிடும். பிரேக் கேபிள் என்பது இழுபடும் உள்கம்பியும் அதைச் சூழ்ந்திருக்கும் உறையும் சேர்ந்தது. வழக்கமான லீவர் உறையை அசையாமல் நிறுத்திவைத்து உள்கம்பியை இழுக்கிறது. இன்டரப்டர் லீவரோ, முதன்மை லீவருக்கும் (ஹூட்டிலுள்ள அந்த வழக்கமான லீவர்) பிரேக்குக்கும் இடையே உறையை இரண்டாக வெட்டிய இடத்தில் அமர்ந்துகொண்டு, உள்கம்பியைத் தன் வழியே தடையின்றிச் செல்ல விட்டுவிடுகிறது. அதை அழுத்தும்போது வெட்டப்பட்ட உறையின் இரு முனைகளும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளப்படுகின்றன. உள்கம்பியின் தலை முதன்மை லீவரில் நிலையாகப் பிடிபட்டிருப்பதால், உறை நீண்ட அளவுக்கு மறுமுனையில் பிரேக் இழுபடுகிறது. முதன்மை லீவரைப் பிடிக்கும்போது கம்பி இதனுள் வழுக்கிச் சென்றுவிடுவதால், ஒன்று மற்றொன்றுக்கு இடையூறு செய்வதில்லை.

சைக்ளோகிராஸ் பந்தயங்களில் கரடுமுரடான தடத்தில் மேற்பகுதியைப் பிடித்து ஓட்டியவர்களிடையே பரவிய இந்த அமைப்பு, பந்தயத்தைவிட நகரப் பயணத்துக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. மெதுவாக நகரும் வாகனங்களுக்கிடையே தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டு, விரல்களை லீவர் மீதே வைத்தபடி செல்ல முடிகிறது. எனினும் கைகள் இரண்டும் ஸ்டெம்முக்கு அருகில் நெருங்கியிருக்கும்போது ஹேண்டில்பாரைத் திருப்பும் பிடிமானம் குறைவு. குழியில் சக்கரம் இறங்கினால் ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பிவிடக்கூடும். ஆகவே வேகமான இறக்கத்திலும் மோசமான சாலையிலும் கைகளை ஹூட்டுக்கோ கீழ்வளைவுக்கோ மாற்றிக்கொண்டு முதன்மை லீவரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: என்னுடைய பழைய சைக்கிளில் முதன்மை லீவரோடு இணைந்து, மேற்பகுதிக்குக் கீழே வளைந்து வரும் நீளமான கூடுதல் லீவர் இருக்கிறது. முழுவதும் அழுத்தினாலும் சைக்கிள் நிற்பதற்குள் அது ஹேண்டில்பாரில் முட்டிவிடுகிறது. சரிசெய்ய முடியுமா?

பதில்: உங்களிடம் இருப்பது 1970களில் வந்த பத்து கியர் சைக்கிள்களில் மிகவும் பரவலாக இருந்த எக்ஸ்டென்ஷன் லீவர். இது மேலே சொன்ன வகையிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. முதன்மை லீவரின் அச்சாணியை நீளமாக்கி அதில் மாட்டப்படுவதால், தனியாகக் கேபிளை இயக்காமல் முதன்மை லீவரையே பக்கவாட்டிலிருந்து தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் லீவர் நகரக்கூடிய தூரம் குறைவு. மெல்லிய உலோகத் தண்டு அழுத்தத்தில் வளைந்தும் கொடுக்கிறது. கட்டைகள் சற்றே தேய்ந்தாலோ கேபிள் சற்றே தளர்ந்தாலோ, பிரேக் முழுமையாகப் பற்றும் முன்பே தண்டு ஹேண்டில்பாரைத் தொட்டுவிடுகிறது. அந்த நிலையில் எவ்வளவு பலத்தோடு அழுத்தினாலும் பயனில்லை.

ரிம்மைக் கோணலின்றி நிமிர்த்தி, கட்டைகளை ரிம்மிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, கேபிளை இறுக்கினால் நிலைமை ஓரளவு மேம்படும். ஆனால் கட்டை தேயத் தேயப் பழைய நிலை திரும்பும் என்பதால், இவற்றைக் கழற்றிவிடுவதே நல்லது என்று சொல்வேன். கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நீளமான அச்சாணியை எடுத்துவிட்டு அந்த லீவருக்கு உரிய குட்டையான அச்சாணியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் துருத்திக்கொண்டிருக்கும் முனை கையைக் குத்தும்.

இவற்றுக்குப் பதிலாக இன்டரப்டர் லீவர் பொருத்த நினைத்தால் முதன்மை லீவரையும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய லீவர்களில் கேபிள் லீவரின் உச்சியிலிருந்து கிளம்பி அந்தரத்தில் வளைந்து செல்கிறது. இன்டரப்டர் லீவருக்கோ உறை ஹேண்டில்பாரை ஒட்டி, அதன்மேல் சுற்றிய டேப்புக்கு அடியில் வர வேண்டும். அப்படிக் கேபிளைப் பின்பக்கமாக வெளிவிடும் ஏரோ வகை லீவர்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன.

கேள்வி: இன்டரப்டர் லீவர் வாங்கச் சென்றால் கடைக்காரர் அளவு கேட்கிறார். எந்த அளவைச் சொல்வது? எல்லாப் பிரேக்குக்கும் ஒரே லீவர் பொருந்துமா?

பதில்: இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்றைத் தவறவிட்டால் லீவர் மாட்டாது. மற்றொன்றைத் தவறவிட்டால் லீவர் மாட்டும், ஆனால் பிரேக் பிடிக்காது. எனவே இரண்டாவதுதான் ஆபத்தானது.

முதலாவது, லீவர் அமரும் இடத்தில் ஹேண்டில்பாரின் விட்டம். தற்கால ஹேண்டில்பார்களில் ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதி பெரும்பாலும் 31.8 மி.மீ.; பழையவற்றில் 26.0 அல்லது 25.4 மி.மீ. நடுப்பகுதியிலிருந்து விலகியதும் குழாய் ஒடுங்கி, முதன்மை லீவர்கள் அமரும் வளைவில் 23.8 மி.மீ. ஆகிவிடுகிறது. தடித்த நடுப்பகுதி எவ்வளவு அகலம் நீள்கிறது என்பது ஹேண்டில்பாருக்கு ஹேண்டில்பார் மாறும். ஆகவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், ஸ்டெம்முக்கு வெளியே லீவரின் பட்டை (ஹேண்டில்பாரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வளையம்) சரியாக உட்காரப்போகும் இடத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். பட்டையின் முழு அகலமும் ஒரே விட்டமுள்ள பகுதியில் அமர வேண்டும். சரிவில் அமர்ந்தால் திருகை எவ்வளவு இறுக்கினாலும் பட்டை நழுவும். பட்டை சற்றே பெரிதாக இருந்தால் அதற்கென்றே விற்கும் அலுமினிய இடைத்தகட்டை வைக்கலாம். ரப்பர் துண்டையோ டேப்பையோ சுற்றி ஒப்பேற்றக் கூடாது. மேற்பகுதி இறக்கை போலத் தட்டையாக்கப்பட்ட ஹேண்டில்பாரில் இந்த லீவருக்கு இடமே இல்லை. கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால், அந்த இடத்தில் பட்டை மாட்டத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். விளக்கு, மணி, முன்பக்கப் பை ஆகியவையும் அதே சிறு இடத்துக்குத்தான் போட்டியிடுகின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிரேக் கேட்கும் கேபிள் இழுப்பு, அதாவது லீவரை அழுத்தும்போது எவ்வளவு நீளக் கம்பி இழுபட வேண்டும் என்பது. சாலைச் சைக்கிளின் காலிப்பர் பிரேக் (ரிம்மை மேலிருந்து இடுக்கிபோல் பற்றுவது), கான்டிலீவர் பிரேக் (சக்கரத்தின் இருபுறமுள்ள தனித்தனிக் கைகளை நடுவிலுள்ள கேபிள் மேல்நோக்கி இழுப்பது), சாலைச் சைக்கிளுக்கென்று செய்யப்பட்ட கேபிள் டிஸ்க் பிரேக் (சக்கர மையத்திலுள்ள தட்டைப் பற்றுவது) ஆகியவை குறைந்த இழுப்பில் இயங்குபவை. வி-பிரேக்கும் (இருபுறமுள்ள நீண்ட கைகளைக் கேபிள் பக்கவாட்டில் இழுப்பது) மலைச் சைக்கிளுக்கான கேபிள் டிஸ்க் பிரேக்கும் அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு கேபிளை இழுக்கக் கேட்கின்றன. சந்தையிலுள்ள இன்டரப்டர் லீவர்களில் பெரும்பாலானவை முதல் வகைக்கானவை. அவற்றை வி-பிரேக்கோடு இணைத்தால் கட்டைகள் ரிம்மை அழுத்தும் முன்பே லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். இந்தக் கோளாறு முதல் அழுத்திலேயே தெரிந்துவிடும். மாறாக, அதிக இழுப்புள்ள லீவரைக் காலிப்பர் பிரேக்கோடு இணைத்தால் லீவர் கல்போல இறுக்கமாக இருக்கும். பிரேக் நன்றாக இருக்கிறது என்று கை ஏமாந்துபோகும். உண்மையில் உங்கள் விரல்களின் விசையில் குறைந்த பங்குதான் கட்டையைச் சென்றடைகிறது. கடையில் நின்றுகொண்டு அழுத்திப் பார்ப்பவர்கள் இதைப் பெரும்பாலும் நல்ல பிரேக் என்றே நினைப்பார்கள்.

வி-பிரேக் உள்ள டிராப் ஹேண்டில்பார் சைக்கிளில் முதன்மை லீவரே அதிக இழுப்பு வகையாகத்தான் இருந்தாக வேண்டும். அத்தகைய சைக்கிளுக்கென்று அதிக இழுப்புள்ள இன்டரப்டர் லீவரும் தயாரிக்கப்படுகிறது. ‘வி-பிரேக்குக்கு உரியது’ என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். குட்டைக் கைகள் கொண்ட மினி வி-பிரேக் மட்டும் இதற்கு விலக்கு. அது பெரும்பாலும் சாலைச் சைக்கிளின் லீவரோடு ஒத்துப்போகும்.

கேள்வி: பழைய உறையையே வெட்டி, கூடுதல் லீவரைப் பொருத்தித் தந்தார்கள். அதிலிருந்து இரண்டு லீவர்களுமே பஞ்சை அழுத்துவதுபோல் இருக்கின்றன. லீவரில் கோளாறா?

பதில்: லீவரில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு, கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். முன்பு இரண்டு முனைகள் மட்டுமே இருந்த உறைக்கு இப்போது நான்கு முனைகள். ஒவ்வொரு முனையும் நேராக வெட்டப்படாமல் சாய்வாகவோ நசுங்கியோ இருந்தால், அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் சற்றுச் சுருங்குகிறது. நான்கு இடங்களின் சுருக்கமும் சேர்ந்துதான் நீங்கள் உணரும் பஞ்சுத்தன்மை. உள்கம்பி வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் குழல் வெட்டிய இடத்தில் மூடிக்கொண்டிருந்தால் உராய்வும் கூடி, லீவர் தானாகத் திரும்பாமல் தங்கிவிடும்.

உறையையும் உள்கம்பியையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். ஒருமுறை இறுக்கிப் பிடிக்கப்பட்ட உள்கம்பி அந்த இடத்தில் நசுங்கி, முனை பிரிந்திருக்கும். அதை உருவி எடுத்து மீண்டும் இரண்டு உறைத்துண்டுகள் வழியாகவும் லீவர் வழியாகவும் கோப்பது வீண் வேலை. உறை கட்டாயமாகப் பிரேக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். வழக்கமான பிரேக் உறை 5 மி.மீ. தடிமனில், உலோகப் பட்டியைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்பட்டது. கியருக்கான உறையோ பெரும்பாலும் 4 மி.மீ. தடிமனில், நீளவாக்கில் கம்பிகளை அடுக்கி மேலே பிளாஸ்டிக் போர்த்தியது. பிரேக்கின் விசையை அந்தப் பிளாஸ்டிக்கால் தாங்க முடியாது. அவசரத்தில் பலமாக அழுத்தும்போது உறை வெடித்துப் பிரியலாம். கூடுதல் லீவருக்கு ஒரு சிறு துண்டுதானே வேண்டும் என்று கையில் கிடைத்த கியர் உறையைப் போட்டுவிடுகிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒவ்வொரு முனையையும் உறைவெட்டும் கருவியால் வெட்டி, அரத்தால் சமன்செய்து, உட்குழலை ஊசியால் திறந்துவிட வேண்டும். முனைத்தொப்பி தேவையா, லீவரின் குழியே உறையை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறதா என்பது லீவருக்கு லீவர் வேறுபடும். முதன்மை லீவரிலிருந்து கூடுதல் லீவர் வரையுள்ள துண்டு ஹேண்டில்பாரோடு ஒட்டிப் படிய வேண்டும். அங்கிருந்து பிரேக்குக்குச் செல்லும் துண்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பினாலும் இழுபடாத நீளத்தில், கூரிய மடிப்பின்றி வளைய வேண்டும். இடப்பக்க முதன்மை லீவர் எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறதோ அதையே இடப்பக்கக் கூடுதல் லீவரும் நிறுத்துமாறு கேபிள்கள் செல்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய சட்டமுள்ள, முன்புறம் கான்டிலீவர் பிரேக் கொண்ட சைக்கிளில் ஒரு தனிச் சிக்கல் வரும். முன் கேபிளின் உறை முடியும் தாங்கி ஸ்டெம்முக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும் என்பதால், கூடுதல் லீவரிலிருந்து வரும் உறைக்கு வளைய இடமிருக்காது. ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின்) உச்சியில் பொருத்தும் தாங்கிக்கு மாற்றினால் வளைவு சீராகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அதிர்வதும் குறையும்.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு லீவர்களையும் பலமுறை முழு விசையோடு அழுத்துங்கள். புதிய உறை தன் இடத்தில் படிந்து கேபிள் சற்றுத் தளரும். அதை மீண்டும் இறுக்க வேண்டும். கூடுதல் லீவரை அழுத்தும்போது முதன்மை லீவரும், முதன்மை லீவரை அழுத்தும்போது கூடுதல் லீவரும் அசையாமல் இருந்தால் பொருத்தியது சரி.

கேள்வி: என் கைகள் சிறியவை. ஹூட்டிலிருந்து பிரேக் பிடித்தால் போதிய விசை கிடைப்பதில்லை. கூடுதல் லீவர் தீர்வாகுமா?

பதில்: அது பிரச்சினையைத் தீர்க்காது, சுற்றிக்கொண்டு போகும். மேற்பகுதியிலிருந்து நன்றாகப் பிடிக்கும். ஆனால் வேகமான இறக்கத்தில் நீங்கள் கைவைக்க வேண்டிய இடத்தில் பிரேக் பழையபடியே எட்டாமல் இருக்கும். முதலில் லீவரின் எட்டுத்தூரத்தை (ஹேண்டில்பாருக்கும் லீவருக்கும் இடையிலுள்ள தூரத்தை) குறையுங்கள். பல லீவர்களில் இதற்கென்று ஒரு சிறு திருகோ உள்ளே செருகும் ஆப்போ உண்டு. அவை இல்லையென்றால் சிறிய கைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதன்மை லீவர்கள் கிடைக்கின்றன. லீவர் ஹேண்டில்பாரில் மிகத் தாழ்வாக அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; வளைவில் சற்று மேலே ஏற்றினாலே விரல்கள் பதியும் இடம் மாறும். புதிய கட்டையும் புதிய கேபிளும் போட்ட பிறகும் குறை நீடித்தால் அப்போது இன்டரப்டர் லீவரைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: ஒரு லீவரின் கேபிள் அறுந்தால் மற்றொன்று காப்பாற்றும் அல்லவா?

பதில்: இல்லை. இரண்டுக்கும் ஒரே உள்கம்பிதான். முதன்மை லீவருக்குள் கம்பியின் தலை அறுந்தால், அதைப் பிடிமானமாகக் கொண்டு இயங்கும் கூடுதல் லீவரும் அந்த நொடியே செயலிழந்துவிடும். உள்கம்பி பெரும்பாலும் அந்தத் தலைக்கு அருகில்தான் இழை இழையாகப் பிரியத் தொடங்கும்; அந்த இடம் ஹூட்டுக்குள் மறைந்திருக்கும். முதன்மை லீவரை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு?

பதில்: மேலே விவரித்த லீவர்கள் எவையும் பொருந்தா, அங்கே கேபிளே இல்லை. எண்ணெய்க் குழாயின் நடுவே இணைக்கும் தனி வகை உண்டு. ஷிமானோ 2019இல் வெளியிட்ட ஜிஆர்எக்ஸ் வரிசையில் அத்தகைய துணை லீவர் இடம்பெற்றது. குழாயை வெட்டி, எண்ணெய் நிரப்பி, காற்றை வெளியேற்ற வேண்டிய வேலை என்பதால் அனுபவமுள்ள பட்டறையில் மட்டுமே கொடுங்கள்.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்குப் பதிலாக நேரான ஹேண்டில்பாருக்கே மாறிவிட்டால் என்ன?

பதில்: ஹூட்டையும் கீழ்வளைவையும் நீங்கள் தொடுவதே இல்லையென்றால் மாறிவிடலாம். ஆனால் செலவைச் சரியாகக் கணக்கிடுங்கள். நேரான ஹேண்டில்பாரில் பிடி அமரும் பகுதி 22.2 மி.மீ. விட்டமுள்ளது, இப்போதுள்ள லீவர்கள் அதில் சேரா. பிரேக்கும் கியரும் ஒன்றாக இணைந்த லீவர்கள் உங்கள் சைக்கிளில் இருந்தால், பிரேக் லீவர்களோடு கியர் மாற்றிகளையும் புதிதாக வாங்க வேண்டும். அவை உங்கள் டெரெய்லரின் (சங்கிலியைப் பற்சக்கரத்துக்குப் பற்சக்கரம் மாற்றும் கருவியின்) கேபிள் இழுப்போடு ஒத்துப்போக வேண்டும். மேலும், டிராப் ஹேண்டில்பாருக்காக வடிவமைத்த சட்டத்தின் மேல்குழாய் பொதுவாகக் குட்டையானது. ஹூட் முன்னால் நீண்டிருப்பதைக் கணக்கில் கொண்டு அப்படிச் செய்கிறார்கள். அதில் நேரான ஹேண்டில்பாரைப் பொருத்தினால் உடல் குறுகி உட்கார வேண்டியிருக்கும். அதைச் சரிசெய்ய நீளமான ஸ்டெம்மும் தேவைப்படும். ஓர் இணை இன்டரப்டர் லீவர், இரண்டு உள்கம்பிகள், தேவையான உறை, ஒரு சுற்று டேப் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

முடிவெடுக்கும் முன், ஒரு வாரம் வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் கைகள் எங்கே இருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் அவை தாமாகவே ஹூட்டுக்குப் போகின்றன என்றால் டிராப் ஹேண்டில்பாரை வைத்துக்கொண்டு கூடுதல் லீவரைப் பொருத்துங்கள். வழி முழுவதும் மேற்பகுதியை விட்டு நகரவில்லை என்றால், முதலில் ஸ்டெம்மை உயர்த்தியோ குட்டையாக்கியோ ஹூட்டை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, அதன் பிறகும் கைகள் அங்கே போகாவிட்டால் நேரான ஹேண்டில்பாரை வாங்குங்கள்.